வெள்ளையனே வெளியேறு: சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

அரிசி, சர்க்கரை, மைதா, உப்பு, பால் ஆகிய ஐந்தும் வெள்ளை விஷங்கள் என்று உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு பெரியப்பா காலை வணக்கத்தோடு அனுப்பியிருப்பார். அதற்கு அடுத்த செய்தி, பேரன் பிறந்தநாளில் அதே பெரியப்பா கேக் ஊட்டும் படம். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. ஓர் உணவை விட்டுவிடுவது வேறு, சாப்பிடாமல் இருப்பது வேறு. முன்னதை வாயால் சொன்னால் போதும். பின்னதற்கு வாயை மூட வேண்டும். இரண்டும் ஒன்றென்று நினைத்து இறங்குகிறவர்கள்தான் மூன்றாம் நாளே பரோட்டாக் கடை வாசலில் பிடிபடுகிறார்கள். பிடிபடாமல் விடுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நாள் குறிக்க வேண்டும். இன்றைக்கே தொடங்குவது அவசரக்காரர் வேலை. திங்கட்கிழமை நல்லது, ஒன்றாம் தேதியாகவும் அமைந்தால் உத்தமம். ஆனால் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆவணியில் கொழுக்கட்டையும் சீடையும் வந்துவிடும். புரட்டாசியில் ஏற்கெனவே கறியை விட்டிருப்பீர்கள். ஒரே மாதத்தில் இரண்டை விடுவது உடம்புக்கு ஆகாது, தவிரவும் நவராத்திரிச் சுண்டலை வீடு வீடாகப் போய் மறுப்பது நாகரிகம் இல்லை. ஐப்பசியைப் பற்றிப் பேச வேண்டாம், தீபாவளி. கார்த்திகையில் பொரியுருண்டை. மார்கழியில் விடியற்காலைக் கோயில் பொங்கலை வேண்டாம் என்றால் அபசாரம். தை சொல்லவே வேண்டியதில்லை. மாசியும் பங்குனியும் கல்யாணப் பத்திரிகைகளில் போகும். சித்திரையில் மாம்பழம், வைகாசியில் மறுபடி முகூர்த்தம். மிஞ்சுவது ஆனி ஒன்றுதான். ஆனியில் தொடங்குங்கள், ஆடி பிறந்ததும் கூழ், ஆடிப்பெருக்குச் சித்ரான்னம் என்று கௌரவமாக முடித்துக்கொள்ளலாம். சேலத்துப் பக்கத்துக்காரர்களுக்கு ஆடி முதல் தேதியே தேங்காய் சுட வேண்டியிருப்பதால் அவர்கள் ஒருநாள் முன்னதாகவே முடித்துக்கொள்வது வழக்கம்.

நாள் குறித்தாயிற்று என்றால் ஊருக்குச் சொல்லுங்கள். விடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்காமல் போகலாம். இந்தக் கலைக்கு முன்னோடி லண்டனைச் சேர்ந்த வில்லியம் பேன்ட்டிங். அரச குடும்பத்தின் சவ அடக்கத்துக்கே ஏற்பாடு செய்த குடும்பத்துக்காரர். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டு உடம்பு இளைத்தார். அதோடு சும்மா இருக்கவில்லை. 1863இல் ஒரு சிறுநூல் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார். நமக்கு அந்த அச்சுக்கூலி மிச்சம்.

அறிவிப்புக்கு ஏற்ற இடம் கல்யாணப் பந்தி. இலையில் சோறு விழும் தருணத்தில் இரு கைகளையும் இலைக்கு மேலே கவித்து, பரிமாறுகிறவர் பதறும்படி, "எனக்கு ரைஸ் வேண்டாம்" என்று சொல்லுங்கள். சோறு என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்து இலைக்காரர், "ஏன், சுகரா?" என்பார். "சேச்சே, நானாத்தான் விட்டுட்டேன்" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் வடை வரும். வடை உளுந்து, புரதம். இரண்டு வாங்குங்கள். அடுத்து வரும் சேமியா பாயசத்தில் சேமியா எதனால் ஆனது என்ற ஆராய்ச்சி பந்தியில் வேண்டாம். பின்னால் காத்து நிற்கிறார்கள்.

சர்க்கரையிலிருந்து தொடங்குவோம், எளிது. வெள்ளைச் சர்க்கரையை டப்பாவோடு தூக்கி வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு விஷம் ஒன்றும் செய்யாது என்பது நம் வீடுகளில் நெடுநாளைய நம்பிக்கை. பிறகு இயற்கை அங்காடிக்குப் போய் இரண்டு மடங்கு விலையில் நாட்டுச் சர்க்கரை வாங்கி, முன்பு ஒரு கரண்டி போட்ட இடத்தில் ஒன்றரைக் கரண்டி போடுங்கள். அதற்கு இனிப்பு கொஞ்சம் மட்டு. இரண்டும் ஒரே கரும்புச் சாற்றில் பிறந்தவை. நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். 100 கிராமுக்குக் கலோரி இதில் 380 பக்கம் என்றால் அதில் 400 பக்கம். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு. ஆனால் அதை நம்பி ரத்தம் ஊற வேண்டுமானால் நாளுக்கு எவ்வளவு வெல்லம் தின்ன வேண்டும் என்று கணக்குப் போட்டால் பயமாக இருக்கும். இதில் இன்னொரு கூத்து: சேலம் மாவட்டத்தில் வெல்லத்தோடு வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சும் ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். நீங்கள் வாசல் வழியாக விரட்டிய வெள்ளையன் முகத்தில் மண்ணைப் பூசிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்திருப்பான். நீங்கள்தான் அவனுக்குக் கூடுதல் விலை கொடுத்து அழைத்து வந்திருப்பீர்கள்.

டீக்கடையில், "மாஸ்டர், சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்று நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி எடுக்கலாம். பஜ்ஜியில் சர்க்கரை கிடையாது. செயற்கை இனிப்பு மாத்திரை போடுகிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று கேள்வி. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது அவர்கள் நிம்மதியைக் கெடுக்கவில்லை.

இனி அரிசி. இதை விடுவதில்தான் தமிழனுக்கு நிகர் யாரும் இல்லை, ஏனென்றால் பல தலைமுறைகளாக விட்டுக்கொண்டே இருக்கிறோம். அமாவாசை, கிருத்திகை, சஷ்டி விரதத்தன்று பாட்டி சோறு தொட மாட்டார். பலகாரம்தான். ஆறு இட்லி, நாலு தோசை, ஒரு கிண்ணம் வெல்லப் புட்டு. விரதம் பங்கப்பட்டதாக எந்தத் தெய்வமும் முறையிட்டதில்லை. அந்த வழியில் வந்த நாம், "ராத்திரி சோறே கிடையாது, டிபன்தான்" என்று மருத்துவரிடமே கண்ணைச் சிமிட்டாமல் சொல்வோம். இட்லி மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது அவருக்கும் தெரியும். அவர் வீட்டிலும் அதே கணக்குத்தான். இடியாப்பம், ஆப்பம், கொழுக்கட்டை, அரிசி உப்புமா, அவல் எல்லாம் அரிசியின் பங்காளிகள் என்று வழக்குத் தொடுக்கிறவர்கள் உண்டு. தொடுக்கட்டும். ஆவியில் வெந்தது உடம்புக்கு நல்லது என்று ஒரு வரி சொன்னால் வழக்கு தள்ளுபடி.

அரிசியின் மேல் குற்றம் சாட்டச் சரித்திர ஆதாரம் கேட்பவர்களுக்குக் குன்னூர் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியையே பிரதானமாக உண்டவர்களுக்குப் பி1 வைட்டமின் குறைந்து பெரிபெரி என்ற நோய் வந்தது. அதை ஆராய மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ஒரு பிரிவைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நாடு முழுமைக்கும் எதைச் சாப்பிடலாம் என்று சொல்கிறது. மெக்காரிசன் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். பஞ்சாபிச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் சாப்பாட்டு எலிகள் பரிதாபமாகப் போயின. இந்தச் செய்தியைச் சொல்லும்போது, புழுங்கலரிசியைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். நெல்லை அவித்து உலர்த்திய பிறகு குத்தினால் தவிட்டோரத்து பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே புழுங்கல் சோறு உண்டவர்களை அந்த நோய் அவ்வளவாக அண்டவில்லை. ஆராய்ச்சி எதுவும் செய்யாத ஒரு கூட்டம் நெல் அவிக்கும் அண்டாவை வைத்துக்கொண்டு இதைச் சாதித்தது என்று தெரிந்தால் உங்கள் துறவின் மவுசு குறையும். அவர்களைத்தான் நாம், "புழுங்கல் கனமா இருக்கு, பச்சரிசி பொன்னி போடுங்க" என்று கடையில் கேட்டுக் கேட்டு ஒழித்தோம்.

அரிசியை விட்ட இடத்தில் சிறுதானியத்தை வையுங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து சாமைக்கும் வரகுக்கும் கண்ணாடிப் பாட்டில் வாழ்வு கிடைத்திருக்கிறது. உண்மையில் இவை நல்ல தானியங்கள், கேலிக்கு இடமில்லை. நார்ச்சத்து கூடுதல். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து. வெள்ளை அரிசியில் பத்துகூட இல்லை. ஆனால் கலோரி என்று வந்தால் வேகவைக்காத அரிசி 350ஐத் தாண்டி நிற்க, சாமை அதற்கு இரண்டடி பின்னால் நிற்கிறது, வரகு 330 பக்கம். அதாவது தட்டு நிறையச் சாமைச் சோறு சாப்பிட்டவர் தட்டு நிறையச் சாப்பிட்டவர்தான். இந்தச் சங்கடத்தை நெய்யால் மூடலாம். வரகுப் பொங்கலுக்கு அரிசிப் பொங்கலைவிட நெய் அதிகம் இழுக்கும் என்று சமையல்காரர்கள் சொல்வார்கள். தினை லட்டு, ராகி பிஸ்கட், கம்பு முறுக்கு என்று வகைக்கொன்றாக வாங்கி மேசையில் வைத்தால் நாள் முழுக்க ஆரோக்கியமாகவே தின்றுகொண்டிருக்கலாம். ராகி பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காதீர்கள். அதில் சேர்ந்த பொருள்களை எடை அதிகமுள்ளதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முதல் பெயர் பல நேரம் ராகியாக இருக்காது.

மைதாவை வெறுக்க உங்களுக்குப் பயிற்சி தேவைப்படாது. ஊரே வெறுக்கிறது, ஊரே தின்கிறது. மைதாவில் அலாக்ஸான் இருக்கிறது, அது நேரே கணையத்தைத் தாக்கும் என்ற செய்தியை விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நாலு பேருக்கு அனுப்பலாம். அலாக்ஸான் என்று ஒன்று இருப்பது நிஜம். ஆய்வகத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைக்க ஊசியில் ஏற்றுவார்கள். மைதாவை வெளுக்க அதைக் கலப்பதில்லை. கலக்க வேண்டிய தேவையும் இல்லை. தவிடும் முளையும் போன மாவை எண்ணெயில் குளிப்பாட்டி, சால்னா ஊற்றி, ராத்திரி பத்தரை மணிக்கு நாலு தின்பதற்கு எந்த ரசாயனமும் துணைக்கு வர வேண்டாம். மனம் உறுத்தினால் கோதுமை பரோட்டா கேளுங்கள். அதே கல், அதே எண்ணெய், அதே வீச்சு. பத்து ரூபாய் கூட.

குளூட்டனை விட்டுவிட்டதாகச் சொல்வதும் இப்போது கௌரவம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது விளையாட்டல்ல, துளி கோதுமையும் ஆகாது. மற்றபடி இட்லி சாம்பார் சாப்பிட்டு வளர்ந்தவர் குளூட்டனை விடுவதாக அறிவிப்பது பனியை விட்டுவிட்டேன் என்று ராமநாதபுரத்துக்காரர் சொல்வதற்குச் சமம். அந்தச் சாம்பாரிலும் ஓர் உளவாளி உண்டு: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு.

உப்பு. வெள்ளை உப்பை எடுத்துவிட்டு இளஞ்சிவப்பு இமயமலை உப்பை வையுங்கள். அதை வெட்டியெடுப்பது பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்துக் கேவ்ரா சுரங்கம் போன்ற இடங்களில். நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று பாட்டி காலத்திலேயே பொட்டலம் கட்டிக் கொடுத்ததும் பாறை உப்புதான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தொண்ணூற்றெட்டுப் பங்கு அதே சோடியம் குளோரைடு. நிறம் மட்டும் கல்யாணப் பெண் கன்னம். கடைகளில் விற்கும் வெள்ளை உப்பில் சட்டப்படி சேர்க்கும் அயோடின் அதில் அனேகமாக இராது. 1930இல் ராஜாஜியோடு ஏறத்தாழ நூறு பேர் திருச்சியிலிருந்து நடந்தே போய் அள்ளியது வேதாரண்யத்து உப்பை. வெள்ளையனை விரட்ட வெள்ளை உப்பை அள்ளிய அந்தக் கதையை உங்கள் சிவப்பு உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நின்று சொல்லாதீர்கள். நாளொன்றுக்கு எல்லாமாகச் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அடங்கும் என்பதால் அந்தக் கணக்கை யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை.

பாலை விட்டுவிடுங்கள், காபியைத் தவிர.

இதெல்லாம் ஒருவர் தனியாகச் சாதிக்கக்கூடியதல்ல. எந்தத் துறவுக்கும் பின்னால் அடுப்படியில் ஒருவர் நிற்க வேண்டும். காலை ஐந்தரைக்கு அவர் கேட்பார்: "ஏங்க, பிள்ளைங்களுக்குச் சோறு, மாமாவுக்குக் கஞ்சி. உங்களுக்குத் தினையா?" நீங்கள் செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல், "எனக்குன்னு தனியா எதுவும் வேண்டாம்மா, தினை மட்டும் போதும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லுங்கள். தினையைக் களைந்து, கல் அரித்து, ஊறவைத்து, தனிக் குக்கரில் ஏற்றி, உங்களுக்கு எண்ணெய் குறைத்து ஒரு பொரியலும் பிள்ளைகளுக்கு எண்ணெய் குறைக்காமல் அதே பொரியலும் செய்வது அவர் பாடு. கீரையை ஆய்ந்து கொடுக்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஒருமுறை உட்கார்ந்தால் பழகிவிடும். நீங்கள் விட்ட சோறு வீணாகக் கூடாது என்று அவர் மத்தியானம் இரண்டு மணிக்கு ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு ஒரு டீயும் குடிப்பார். உணவோடு குடிக்கும் டீ இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேர விடாது என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 40 பெண்கள் அதிக எடை. தின்றதுதான் மிச்சம் என்றும் சொல்ல முடியாது, தின்னவில்லை என்றும் சொல்ல முடியாது. மிஞ்சியதைத் தின்றிருக்கிறார்கள்.

பலன் தெரிய வேண்டுமே? ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து கஞ்சியும் வெள்ளரிக்காயுமாக இருந்துவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் வரும் எண்ணைப் படம் பிடித்துக் குழுவில் போடலாம். லேப்காரர், "சார், மூணு மாசச் சர்க்கரையும் எடுத்துடலாமா?" என்று கேட்டால் அவசர வேலை இருப்பதாக எழுந்துவிடுங்கள். அந்தப் பரிசோதனை ரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. கடந்த இரண்டு மூன்று மாதத்துப் பந்திகளையெல்லாம் வரிசையாகச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடும்.

ஒரு கூட்டத்தார் மட்டும் இந்தக் கையேட்டைக் கையால் தொட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதில் நீங்களும் ஒருவராக இருந்து, இன்சுலின் போட்டுக்கொண்டோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரை விழுங்கிக்கொண்டோ இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் சோற்றை விட்டார் என்று திங்கட்கிழமை காலையில் திடீரென்று நீங்களும் விட்டுவிடாதீர்கள். மாத்திரை அதே அளவு, சோறு மட்டும் இல்லை என்றால் சர்க்கரை தடாலென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழ நேரும். சிறுநீரகம் பழுதானவர்கள் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்குமுன் கேளுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், அது அவர்களுக்கு ஆபத்து. இளநீரும் அப்படியே. எதைக் குறைக்கலாம், குறைத்தால் எந்த மாத்திரையை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று மருந்துச் சீட்டோடு போய் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வருகிறவரிடம் சொன்னால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.